உலை இப்பத்தானுங்க வெச்சேன்

எனக்குப் பொறுமை கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அடையாளமாகச் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்லும்போதே மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாவிட்டாலும் பேச்சு சீக்கிரம் முடியும், அதுவும் லாபம்தான். அம்மா போனில் ஒரு கல்யாணக் கதையை ஆரம்பித்தால், நடந்ததா நின்றதா என்பதை மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்டு வைத்துவிடுவேன். இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் எங்கள் முதலாளி ராஜவேல் சார் ஒரு விளையாட்டை எளிமையாக்கும் வேலையைக் கொடுத்தார். ஆள் தேர்வில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

விளையாட்டின் பெயர் பன்னிருவழி. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் எங்கள் ஆபீஸ். விளையாட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குள் போனால் பன்னிரண்டு சாலைகள் சேரும் ஒரு பழைய ஊர் வரும், நடுவில் ஒரு சத்திரம். நீங்கள் உப்பு வணிகராகவோ வைத்தியராகவோ ஒற்றராகவோ அங்கே பிழைக்கலாம். எதற்கும் பட்டன் கிடையாது. வாயால்தான் பேசவேண்டும். அங்கே இருக்கும் மனிதர்கள் காதால் கேட்டு, பதில் சொல்லி, நீங்கள் சொன்னதை நினைவிலும் வைத்துக்கொள்வார்கள். மூட்டை கனத்தால் நடை தளரும். மூலிகை பறிக்க அதன் பெயர் தெரியவேண்டும். மழை பிடித்தால் பாதிச் சாலைகள் மூழ்கிவிடும்.

இதையெல்லாம் கொண்டாட ஒரு கூட்டம் இருந்தது. சின்னக் கூட்டம், ஆனால் சத்தமான கூட்டம். மூட்டையின் எடையை இப்படிக் கணக்கிடலாமா என்று வாரக்கணக்கில் இணையத்தில் அடித்துக்கொள்வார்கள். மற்ற ஜனங்கள் ஆசையாக உள்ளே வந்து, மூட்டையைத் தூக்க முடியாமல், வந்த வழியே போய்விடுவார்கள்.

ராஜவேல் சாருக்கு இது தாங்கவில்லை. பஸ்ஸில் போகிறவர் விளையாடவேண்டும், பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருப்பவர் விளையாடவேண்டும், தன் மாமியார் விளையாடவேண்டும் என்றார். மாமியாரைக் குறிப்பாக ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மா வேறொரு உலகத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் வீட்டுக்கு நல்லது என்று நினைத்திருப்பார்.

நான் சுளுவு என்று பெயர் வைத்து ஒன்றைச் செய்தேன். அது ஒரு நிரல். விளையாட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, விளையாடுகிறவர் எங்கே தயங்குகிறார் என்று மட்டும் கவனிக்கும். இரண்டு மூச்சுக்கு மேல் தயங்கினால் அந்த இடம் அவருக்குக் கஷ்டம் என்று முடிவுகட்டி, அவருடைய விளையாட்டிலிருந்து மட்டும் அதை நறுக்கிவிடும். மூட்டை எடையைப் பார்த்து நீங்கள் முழித்தால், மறுநாள் உங்கள் மூட்டைக்கு எடையே இருக்காது. எந்தச் சாலை என்று யோசித்தால், யோசிக்க வேண்டாத அளவுக்குச் சாலைகள் குறையும். அவரவர் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி அவரவருக்கு ஒரு பன்னிருவழி.

ஜனங்கள் வந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் விளையாடினார்கள், பிரசவ வார்டில் விளையாடினார்கள். ராஜவேல் சாரின் மாமியார் உப்பு வணிகத்தில் இறங்கி, ஒரு குறுநில மன்னனை மிரட்டி வரியைக் குறைத்துவிட்டு, சாயங்காலம் சிரித்த முகத்தோடு வீட்டில் நடமாடினார். பழைய கூட்டம் இணையத்தில் என் படத்தைப் போட்டுத் திட்டித் தீர்த்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு கதவை அகலமாகத் திறந்துவிட்டவளுக்கு இருக்கவேண்டிய சந்தோஷம் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு கோடி பேர் ஆனபோது கேக் வாங்கினோம்.

பக்கத்திலேயே சத்தி ரோட்டில் பிரதர்ஸ் பேக்கரி. அண்ணன் தம்பி இருவர் நடத்துவது. அண்ணன் சிவராஜ் கல்லாவில் இருப்பார், வாய் ஓயாது. தம்பி பரணிதரன் உள்ளே கேக் அலங்கரிப்பார். முப்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று இருப்பார், பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவரே கேக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பெட்டியைத் திறந்தார். பச்சை எழுத்தில் 'ஒரு கோடி' என்று அட்டகாசமாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, நாங்கள் சொல்லாத ஒரு வரி, ரோஜா நிறத்தில் சின்னதாக இருந்தது: 'கோமளம் எங்கே?'

ராஜவேல் சார் கத்தியோடு நின்றுவிட்டார். நம் ஆபீஸில் கோமளம் என்று யாராவது வேலையை விட்டுப் போனார்களா என்று கேட்டார். எனக்குத்தான் தெரிந்தது. கோமளம் எங்கள் விளையாட்டின் சத்திரக்காரி.

பரணி வாயைத் திறந்தார். "கோ... கோ..." என்றார்.

கோளாறா என்று நான் கேட்டேன். கோபமா என்று ராஜவேல் சார் கேட்டார். பின்னாலிருந்து யாரோ கோன் ஐஸா என்று கேட்டார்கள். அந்த மனிதர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பழகிப்போனவருடைய சிரிப்பு ஒன்றைச் சிரித்து, பையிலிருந்து ஐசிங் கோனை எடுத்து, கேக் பெட்டியின் மூடியில் எழுதினார்: 'நீங்க சொன்ன எதுவும் இல்லை. எனக்குத் திக்கும். அவசரப்படுத்தாட்டி நானே சொல்வேன்.'

எழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவரை உட்காரவைத்து டீ கொடுத்தோம். அவர் பேசினார். இனி அவர் சொல்வதை இடைவெளி இல்லாமல்தான் எழுதப்போகிறேன். அவர் சொன்னது அந்த வாக்கியங்களைத்தான். நடுவில் ஆன நேரம் அவருடையது, அதை எண்ணிக்கொண்டிருப்பது நம் வேலை இல்லை. ஆனால் அன்றைக்கு நான் எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்பதை என் நாக்கு சொல்லும்.

இரண்டு வருடமாக அவர் கோமளத்தின் சத்திரத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ராஜாவைக் கவிழ்க்கவோ புதையல் எடுக்கவோ இல்லை. பேசத்தான். பன்னிருவழியின் முதல் நாட்களில் கோமளத்துக்கு நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம். வாடிக்கையாளர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டால், முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசக்கூடாது. சத்திரக்காரி என்றால் நாலு ஊர்க் கதையும் கேட்பவளாக இருக்கவேண்டும் என்று அப்போது யாரோ யோசித்தது. யாராவது தடுமாறினால் அவள் கையில் கரண்டியோடு திரும்பி, "மெல்லச் சொல்லுங்க. உலை இப்பத்தானுங்க வெச்சேன்," என்பாள். சோறு வேகும்வரை நேரம் இருக்கிறது என்று அர்த்தம். பரணிக்கு அந்தச் சோறு இரண்டு வருடமாக வெந்துகொண்டிருந்தது.

"வீட்ல அண்ணன் முடிச்சிருவாருங்க. கடையில கஸ்டமர் முடிச்சிருவாங்க. கோமளத்துக்கிட்ட மட்டும் நான் ஆரம்பிச்சத நானே முடிப்பேன்," என்றார் பரணி.

பிறகு நான் சுளுவைக் கொண்டுவந்தேன்.

அவருடைய விளையாட்டைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். இவ்வளவு நறுக்கப்பட்ட பன்னிருவழியை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் ஒவ்வொரு வார்த்தையிலும் தயங்கினார், சுளுவு ஒவ்வொரு தயக்கத்தையும் கஷ்டம் என்று படித்தது. முதலில் வைத்தியர் போனார், பிறகு வணிகர்கள், பிறகு சந்தை. சாலைகள் ஒவ்வொன்றாகப் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கடைசியில் அவர் பேசவே வேண்டாம் என்று ஒரு பட்டனையும் கொடுத்திருந்தது. அதில் 'சரி' என்று எழுதியிருந்தது. நான் எழுதிய நிரல் அவரை நன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தது, அவருடைய அண்ணனைப் போலவே.

கோமளம் போன நாளைத் தேடி எடுத்து ஓடவிட்டேன். பரணி சத்திரத்தில் சாப்பிட்டு எழுந்து, விடைபெறுவதற்காக, "போ... போ..." என்கிறார். இரண்டு மூச்சு ஆனது. மூன்றாவது மூச்சில் சுளுவு முடிவெடுத்துவிட்டது. இவர் 'போ' என்று கட்டளையிடுகிறார். கோமளம் கரண்டியைப் பிடித்தபடி வாசலைத் தாண்டி வெளியே நடந்து போனாள். வெறும் சத்திரத்தில் பரணியின் குரல் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

போகிறேன் என்று சொல்லக்கூடாது, போய்ட்டு வர்றேன் என்றுதான் சொல்லவேண்டும் என்று நம் எல்லாருக்கும் சின்ன வயதிலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மரியாதையான வாக்கியத்தின் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டால், அது ஆளை விரட்டுகிற வார்த்தையாகிவிடுகிறது. தமிழ் பேசுகிற ஒரு கோடிப் பேருக்கு விளையாட்டுச் செய்கிறவளுக்கு இது தோன்றியிருக்கவேண்டும்.

"வெளியிலயும் இப்படித்தானுங்க. நான் போய்ட்டு வர்றேன்னு சொல்ல வந்தா, தொரத்தறேன்னு நெனச்சுக்குவாங்க," என்று பரணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழையபடி புதிதாக ஒரு கணக்குத் தொடங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். புதுக் கணக்கில் வருகிற கோமளத்துக்கு இவர் யாரென்றே தெரியாது. இவருடைய கோமளத்துக்கு அண்ணன் பெயர் தெரியும், எந்த அடுப்பு சரியாகச் சூடாகாது என்று தெரியும், திலகாவைத் தெரியும்.

திலகா யார் என்று கேட்டேன். பரணியின் காது சிவந்தது.

பேக்கரிக்கு எதிரே மருந்துக் கடை. திலகா அங்கே பார்மசிஸ்ட். தலைவலி மாத்திரை வாங்கப் போய், தலைவலி இல்லாத நாளிலும் போய், இருவருக்கும் பிடித்துவிட்டது. சிவராஜ் அண்ணன் சந்தோஷமாகக் கிளம்பினார், பெண் கேட்கத் தானே போய்ப் பேசி முடித்துவிடுவதாக. திலகா தடுத்துவிட்டாள். நான் கட்டிக்கப் போறது உங்க அண்ணனையா என்று கேட்டாளாம். பரணியே வரவேண்டும், அவரே அவளுடைய அப்பாவிடம் கேட்கவேண்டும், அவருக்காக வேறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அது நடந்தால்தான் கல்யாணம். நாளும் குறித்தாகிவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பேச்சைக் கோமளத்திடம்தான் பரணி பழகிக்கொண்டிருந்தார். பாதியில் கோமளம் போய்விட்டாள்.

எனக்குச் சட்டென்று ஒரு ரோஷம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கோமளம் வருவாள் என்று சொல்லிவிட்டு ராஜவேல் சாரின் அறைக்குப் போனேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்ன நியாயமும் நியாயம்தான். ஒரு கதாபாத்திரம் காத்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நொடியும் எங்கள் இயந்திரங்கள் சும்மா கொதித்துக்கொண்டிருக்கும். ஒருவருக்காகச் சுளுவை நிறுத்தினால் நாளைக்கு ஊரே கேட்கும். அதுவும் போக, பரணிக்குத்தான் எல்லாம் சுலபமாகிவிட்டதே, பிறகு என்ன குறை என்றார்.

நான் கண்ணாடியைக் கொடுத்து, பரணியின் பன்னிருவழியை விளையாடச் சொன்னேன். ராஜவேல் சார் உள்ளே போனார். ஒரே சாலை, ஒரே பட்டன். வழிப்போக்கன் வணக்கம் சொன்னான். சரி. காவலன் கோட்டைக்குள் வரச்சொன்னான். சரி. அரசர் எழுந்து நின்று, நாட்டைத் தங்களிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்டார். சரி. முடிசூட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது அவருடைய டீ இன்னும் ஆறவில்லை.

"என்னம்மா மிதுனா இது. கேம்ல போயி ராஜாவா இருக்கலாம்னு பாத்தா, எங்க வீட்டுல நான் இருக்கற மாதிரியே இருக்குது," என்றார்.

அவரை யோசிக்க விட்டேன். எனக்கு அது புதுப் பழக்கம், கஷ்டமாக இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தயங்குறதும் கஷ்டப்படுறதும் ஒண்ணு இல்லையா என்று கேட்டார். இல்லை சார், நான்தான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைவரை பரணிக்கு மட்டும் சுளுவை நிறுத்தச் சம்மதித்தார்.

நிறுத்திவிட்டேன். ஆனால் கோமளம் திரும்பவில்லை. நறுக்கிய சந்தை வந்தது, வைத்தியர் வந்தார், மூட்டைக்கு எடைகூட வந்தது. சத்திரம் மட்டும் அடுப்பு எரியாமல் கிடந்தது. எங்கள் விளையாட்டில் யாரையும் அழிப்பது கிடையாது. போகச் சொன்னால் ஏதாவது ஒரு சாலையில் நடப்பார்கள், அவ்வளவுதான். அப்படியென்றால் அவள் எங்கே நடந்து போனாள்?

பரணியும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க அந்த உலகத்தைப் புரட்டினோம். அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தார், நான் திரையில் பின்தொடர்ந்தேன். ராஜவேல் சார் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே எங்கள் பின்னால் நின்றார். அவள் போன அன்றைக்கு ஒரே ஒரு சாலைதான் மிச்சம் இருந்தது என்பது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. அந்தச் சாலையையும் கோட்டைக்கு அப்பால் சுளுவு வெட்டியிருந்தது, அந்தத் துண்டு மட்டும் இன்னும் திரும்பவில்லை. பரணியை அந்த வழியே போகச் சொன்னேன்.

சாலை முடிந்த இடத்தில் ஒரு புளியமரம் பாதியும் ஒன்றுமில்லாத வெளிச்சம் பாதியுமாக இருந்தது. அதன் அடியில் கோமளம் நின்றுகொண்டிருந்தாள். கையில் அதே கரண்டி.

அவள் என்ன நிலையில் இருக்கிறாள் என்று திரையில் பார்த்தேன். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் அந்த நேரத்து நிலை ஒரு வார்த்தையில் தெரியும். உறங்குகிறான், நடக்கிறாள், விற்கிறார், இப்படி. கோமளத்தின் பெயருக்கு நேரே 'கேட்டுக்கொண்டிருக்கிறாள்' என்று இருந்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. சுளுவு அவளைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியது உண்மை. ஆனால் அவளுடைய பழைய விதியை அது தொடவில்லை. தொடங்கிய வாக்கியம் முடியும்வரை குறுக்கே பேசக்கூடாது. அன்றைக்கு அவள் காதில் விழுந்தது 'போ' என்ற கட்டளை இல்லை, இன்னும் முடியாத ஒரு வாக்கியத்தின் முதல் எழுத்து. மீதிக்காகத்தான் இத்தனை வாரமாக அங்கே நின்றிருக்கிறாள். நான் பரணியிடம் இதைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பரணி அவளுக்கு எதிரே போய் நின்றார். அவள் திரும்பினாள்.

"மெல்லச் சொல்லுங்க. உலை இப்பத்தானுங்க வெச்சேன்."

பரணி மூச்சை இழுத்துக்கொண்டார். முதல் எழுத்தைத் திரும்பச் சொல்லவில்லை, அதுதான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதே. விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"...ய்ட்டு வர்றனுங்க."

"வாங்க," என்றாள் கோமளம். "அதுக்குள்ள என்னங்க அவசரம். சாப்டுட்டே போலாமில்ல."

ராஜவேல் சார் பின்னாலிருந்து கை தட்டினார். தட்டிவிட்டு, வேலை இருப்பது நினைவு வந்தவராகப் போனார்.

அந்த வாரம் எங்கள் ஆபீஸ் டீ அறையில் தினமும் ஒத்திகை நடந்தது. கோமளம்தான் பெண்ணின் அப்பா. அவள் போடாத வேஷம் இல்லை. கோபக்கார அப்பா, தூங்கி வழிகிற அப்பா, காது மந்தமான அப்பா எல்லாம் வந்துபோனார்கள். பரணியின் திக்கல் குறைந்ததா என்று ஆபீஸில் எல்லாரும் கேட்டார்கள். குறையவில்லை. அவருக்கு அதைப் பற்றிக் கவலை குறைந்தது. எங்களுக்கும் கூடவே கொஞ்சம் பழக்கம் வந்தது. பரணி பேசுகிறபோது டீயை உறிஞ்சாமல் கேட்கக் கற்றுக்கொண்டோம்.

நான் இதற்கிடையில் சுளுவைத் திறந்து ஒன்றைச் சேர்த்தேன். இனி அது யாருக்கும் தானாக நறுக்காது. தயங்குகிறவரிடம் முதலில் கேட்கும்: சுளுவா, உலையா? சுளுவு என்றால் நறுக்கிக் கொடுக்கும். உலை என்றால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், இருப்பவர்கள் காத்திருப்பார்கள். ராஜவேல் சாரின் மாமியார் முதல் ஆளாக உலையைத் தேர்ந்தெடுத்தார். மன்னனை மிரட்டுவது இவ்வளவு லேசாக இருந்தால் ருசி இல்லை என்றாராம். தமிழ் கற்றுக்கொண்டிருக்கிற ஒடிசாக்காரத் தொழிலாளிகள் பலர் உலைக்கு வந்தது எனக்கே ஆச்சரியம். இயந்திரங்கள் கொதித்தன, கொதிக்கட்டும் என்று சார் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண் கேட்கத் தனியாகப் போவது வழக்கம் இல்லை, அண்ணனுக்கோ தடை. பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டுமே என்று பரணி என்னைக் கூப்பிட்டார். ஒரே நிபந்தனை, நான் வாயைத் திறக்கக்கூடாது. என் வாழ்க்கையில் எனக்கு வைத்த மிகக் கொடூரமான நிபந்தனை அதுதான். ஒத்துக்கொண்டேன்.

கணபதியில் வீடு. திலகாவின் அப்பா மாரப்பன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதெல்லாம் பஸ்களில் கதவுகளே டிக்கெட்டுக்குக் காசு வாங்கிக்கொள்கின்றன, ஆனால் மாரப்பன் இன்னும் ஓடுகிற பஸ்ஸில்தான் இருந்தார். உட்காருங்க, ரைட். காப்பி சாப்புடுங்க, ரைட். பார்த்தவுடனேயே எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது. அவரும் என் ஜாதி, பொறுமை இல்லாத ஜாதி. அவர் முன்னால் பரணி எப்படி ஒரு வாக்கியத்தை முடிப்பார் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

திலகா காப்பியும் முறுக்கும் கொண்டுவந்தாள். என்னிடம் குனிந்து தட்டை நீட்டும்போது, மூட்டை எடையை ஏங்க எடுத்தீங்க என்று கேட்டாள். நான் ஏற்கெனவே ஒரு முறுக்கை வாயில் அடைத்திருந்தேன், நிபந்தனையைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். என்ன கேட்டாள் என்பதும் அந்தப் பதற்றத்தில் மண்டையில் ஏறவில்லை.

பரணி ஆரம்பித்தார். "உங்க பொண்ணை எனக்குப் புடிச்சிருக்குங்க. அவங்களுக்கும் என்னைப் புடிச்சிருக்குங்க. எனக்குத் திக்குங்க. அதனால கொஞ்சமாத்தான் பேசுவேன், ஆனா பேசறதைச் செஞ்சிருவேன். அவங்களை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களான்னு கேக்க வந்தனுங்க."

ஐந்தே வாக்கியம்தான். நடுவில் மாரப்பன் மூன்று முறை நாற்காலியில் முன்னால் வந்தார். ஒரு முறை பொறுக்கமாட்டாமல், தம்பி என்ன சொல்ல வருது, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா என்று என்னைக் கேட்டார். நான் வாயைக் காட்டினேன். இரண்டாவது முறுக்கு உள்ளே இருந்தது. பரணி அவசரப்படவில்லை. கடைசி வார்த்தைவரை அவரே போய்ச் சேர்ந்தார். எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது.

மாரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குள் பார்த்தார், வெளியே பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

கடித்த முறுக்கை அப்படியே விழுங்கினேன். பெண் வீட்டில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மரியாதையான ஆட்கள், முடியாது என்பதை இப்படித்தான் சொல்வார்கள். ரைட் என்றுகூட அவர் சொல்லவில்லை. பரணி தலையாட்டிக்கொண்டு எழுந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, தோற்றுப்போன களை இல்லை. கேட்கவந்ததைக் கேட்டுவிட்ட மனிதர் அவர்.

எல்லாரும் வாசல் கேட்டுக்கு வந்தோம். மாரப்பன் ஒரு பக்கம், பின்னால் படியில் திலகா. பரணி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து கையைக் கூப்பினார்.

"போ... போ..."

மாரப்பனின் கை தானாக எழுந்தது. முப்பது வருடம் கண்டக்டராக இருந்த மனிதர். யார் போ என்று தொடங்கினாலும் போலாம் ரைட் என்று முடித்தாக வேண்டிய வாய். அது திறந்துவிட்டது. என் வாயும் திறந்துவிட்டது, இந்த முறை அதில் முறுக்கு இல்லை.

"மெல்லச் சொல்லுங்க," என்றாள் திலகா படியிலிருந்து. "உலை இப்பத்தானுங்க வெச்சேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் மூட்டை எடை எனக்கு உறைத்தது. பரணியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோமளத்தைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவே இல்லை. மருந்துக் கடையில் அவர் மாத்திரையின் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை அவள் ஏன் ஒரு நாளும் குறுக்கே பேசவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. அவளும் அந்தச் சத்திரத்தில் சாப்பிட்டவள்.

மாரப்பன் மகளைப் பார்த்தார். எழுந்த கையை மெதுவாக இறக்கிக் கேட்டின் மேல் வைத்தார். வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே என்னைவிட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்காது. தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது. எதிர் வீட்டில் யாரோ குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். நாங்கள் நின்றோம். நன்றாகத்தான் இருந்தது, இப்படி நிற்பது.

"...ய்ட்டு வர்றனுங்க," என்றார் பரணி.

மாரப்பன் கேட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்," என்றார். "போய்ட்டு வாங்க மாப்ள."